ரேஷன் கடை விரல் ரேகைக் கருவிகள் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
நியாயவிலைக் கடைப் பணியாளர்கள் சங்கம்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

பொருள்: நியாயவிலைக் கடைகளில் ஆதார் விரல் ரேகைச் சரிபார்ப்பு – கருவிப் பராமரிப்பு, பணியாளர் பயிற்சி, மாற்று வழி குறித்த எழுத்துப்பூர்வ உத்தரவு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. ஒருவர் கார்டில் இன்னொருவர் அரிசி வாங்கிப் போவது இதனால் குறைந்திருக்கிறது. இந்த முறையை எங்கள் சங்கம் எதிர்க்கவில்லை. ஆனால் சரிபார்ப்பு தோற்றுப்போனால் அதற்கான பழி கடையில் நிற்கும் விற்பனையாளர் மீதும், பையோடு வந்த கார்டுதாரர் மீதும் மட்டுமே விழுகிறது. இதை மாற்றித் தரக் கோரியே இம்மனு.

ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல் நுனியை ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் அரித்துவிடுகிறது. கல் உடைப்பவர்களுக்கும், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்தில் வலை இழுப்பவர்களுக்கும் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிடுகிறது. கட்டை விரலை வைக்கச் சொல்வோம், பதியாது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். வறண்ட விரல் என்றால் நெற்றியில் தேய்த்து வைக்கச் சொல்வோம். கருவியின் கண்ணாடியில் படிந்த பிசுக்கைத் துணியால் துடைப்போம். ஆள்காட்டி விரல், நடு விரல் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்குள் பின்னால் வரிசை நீண்டு, "நாளைக்கு வாங்க ஆத்தா" என்று சொல்ல வேண்டி வருகிறது. அந்த ஆத்தாவுக்கு அது ஒரு நாள் கூலி.

இதில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும். சரிபார்ப்பு தோற்றால் ஆதார் சர்வரிலிருந்து ஓர் எண்ணும் சேர்ந்தே வருகிறது. 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. வேறு விரலோ கருவிழியோ பார்க்கலாம், தொடர்ந்து வந்தால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும். 330 என்றால் கார்டுதாரரே தன் ரேகைப் பயன்பாட்டைப் பூட்டி வைத்திருக்கிறார். எத்தனை முறை விரல் வைத்தாலும் பயனில்லை, பூட்டைத் திறக்க வேண்டும். 811 என்றால் அந்த ஆதாரில் ரேகைப் பதிவே இல்லை. எந்தப் பதிலும் வராவிட்டால் கோளாறு விரலில் இல்லை, சிக்னலிலோ சர்வரிலோ இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாவற்றுக்கும் "ரேகை விழலை" என்று சொல்லி அனுப்புவதுதான் இன்றைய நடைமுறை. எனவே காரணம் கருவியின் திரையிலேயே தமிழில் தெரிய வேண்டும். அதுவரை இந்த எண்களின் விளக்கத்தை ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கடைதோறும் ஒட்டி, பணியாளர்களுக்கு வட்ட அளவில் அரை நாள் பயிற்சி தர வேண்டுகிறோம்.

பேட்டரி தேய்ந்த கருவிகளையும் கண்ணாடி கீறல் விழுந்த கருவிகளையும் மாற்ற ஒவ்வொரு வட்டத்திலும் உபரிக் கருவிகள் இருக்க வேண்டும். சிக்னல் கிடைக்காத கடைகளைக் கணக்கெடுத்து, அங்கே கிடைக்கிற நிறுவனத்தின் சிம் கார்டு வழங்க வேண்டும். மின்னணுத் தராசைக் கருவியுடன் புளூடூத் மூலம் இணைத்த பிறகு அந்த இணைப்பு அறுந்தாலும் பில் நின்றுவிடுகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே கருவியையும் தராசையும் வண்டியில் கொண்டுபோகிறோம். சந்துக்குள் சிக்னல் போனால் தெருவிலேயே நிற்க வேண்டியதுதான்.

எங்கள் முதன்மைக் கோரிக்கையான எழுத்துப்பூர்வ உத்தரவுக்கு வருகிறோம். ஆதாருடன் இணைக்காததால் ரேஷன் கார்டு ரத்தாகி, ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி பட்டினியால் இறந்ததாகக் குடும்பத்தார் சொன்னது 2017 செப்டம்பரில். அதையடுத்து 24.10.2017 அன்று மத்திய உணவுத் துறை, சரிபார்ப்பு தோற்றாலும் வேறு அடையாளம் பார்த்துப் பொருள் வழங்கி, தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 26.9.2018 அன்று வழங்கிய ஆதார் தீர்ப்பில், சரிபார்ப்பு தோல்வியால் தகுதியானவர்கள் விடுபட்டுப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் கூறியது. ஆனால் பில் இல்லாமல் பதிவேட்டில் எழுதிக் கொடுத்த அரிசி தணிக்கையில் இருப்புக் குறைவாக வந்தால், விற்பனையாளர்தான் கையிலிருந்து கட்ட வேண்டும். இந்தப் பயம் இருக்கும்வரை யாரும் துணிந்து கொடுக்க மாட்டார்கள். வாய்மொழியாக "கொடுத்து அனுப்புங்கள்" என்பது தணிக்கையில் செல்லாது. ஆகவே, எத்தனை முறை தோற்றபின் பதிவேட்டில் எழுதிப் பொருள் தரலாம், யார் மேலொப்பம் இடுவார், அதைத் தணிக்கை எப்படி ஏற்கும் என்பதைத் தெளிவாக்கி எழுத்துப்பூர்வ உத்தரவு பிறப்பிக்க வேண்டுகிறோம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமும் டவரும் இல்லாமல் கிடந்தன. அன்று ரேகைச் சரிபார்ப்பு இல்லை. இன்று அப்படி ஒரு புயல் வந்தால், மக்களுக்கு அரிசி மிக அவசியமான வேளையில் கருவி இயங்காது. பேரிடர் காலத்துக்கான நடைமுறையும் அந்த உத்தரவிலேயே இடம்பெற வேண்டும்.

மாவட்ட வழங்கல் அலுவலர், கூட்டுறவுச் சங்கங்களின் இணைப் பதிவாளர், கருவிப் பராமரிப்பு ஒப்பந்ததாரர் ஆகியோருடன் எங்கள் பிரதிநிதிகளையும் அழைத்து, அடுத்த மாத விநியோகம் தொடங்குமுன் கூட்டம் நடத்தி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்திற்காக,
தலைவர், செயலாளர்.

நகல்: மாவட்ட வழங்கல் அலுவலர்; இணைப் பதிவாளர், கூட்டுறவுச் சங்கங்கள்.