நுங்கு வண்டியை எண்ணி ஏங்குவோருக்கு



நாற்பதைக் கடந்த நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் அடிக்கடி வலம் வருகிறது. பம்பரம், கோலிக்குண்டு, நுங்கு வண்டி, தீப்பெட்டித் தொலைபேசி, எண்ணெய்த் திரியின் சூட்டில் ‘டப டப’வென ஓடும் தகரப் படகு ஆகியவற்றை அடுக்கி, இவற்றோடு வளர்ந்த கடைசித் தலைமுறை நாம்தான் என்று கீழே எழுதியிருப்பார்கள். ‘மாஷா அல்லாஹ்’ என்றும் ‘அந்தக் காலம் திரும்பி வருமா’ என்றும் பதில்கள் குவியும். சற்று நேரத்தில் அதே குழுமத்தில் வேறொருவர், தம் பிள்ளை கைபேசியைக் கீழே வைப்பதே இல்லை என்று குறைபட்டுக்கொள்வார். இரண்டு செய்திகளையும் நாம் கைபேசியில்தான் படிக்கிறோம். பிள்ளை அருகில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பழைய நாளை நினைத்து மனம் நெகிழ்வது பாவமன்று. ஆயினும் நாம் எதை இழந்ததாக எண்ணி ஏங்குகிறோம் என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இழந்தது பொருள் என்றால் தீர்வு எளிது. பம்பரம் இன்றும் கடையில் கிடைக்கிறது. மரக்கடைசல் சொப்புச் சாமானை அம்பாசமுத்திரத்திலிருந்து வரவழைக்கலாம். வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. பிள்ளை அதை இரண்டு நாள் உருட்டிவிட்டு மூலையில் போட்டுவிட்டது என்பதே அவர்களின் அனுபவம்.

நம் சமுதாயத்துக்கென்றே உரிய ஒரு விளையாட்டுப் பொருளை எடுத்துக்கொள்வோம். அன்று ஹஜ்ஜை முடித்துத் திரும்புவோர் ஸம்ஸம் நீர், பேரீச்சம்பழம், தஸ்பீஹ் மணி ஆகியவற்றுடன் சிறுவர்களுக்காக ஒரு பிளாஸ்டிக் படப்பெட்டியும் கொண்டுவருவர். சில பெட்டிகள் தொலைக்காட்சியைப் போலவும், சில கேமராவைப் போலவும் இருக்கும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, துளையில் கண்ணை வைத்து, விசையை அழுத்தினால் கஅபா தெரியும். மீண்டும் அழுத்தினால் மதீனாவின் பச்சைக் குவிமாடம். அதன்பின் மினாவின் கூடாரங்கள். சில படங்களே இருக்கும். அவை முடிந்ததும் கஅபா திரும்ப வந்துவிடும். வீட்டில் ஒரு பெட்டி, பிள்ளைகளோ பலர். ஆகவே ஒருவர் பார்க்கையில் மற்றவர் காத்து நிற்க வேண்டும். ஹாஜியார் பக்கத்தில் அமர்ந்து, இங்கேதான் நாங்கள் கல் எறிந்தோம், இங்கேதான் உன் பெயரைச் சொல்லித் துஆச் செய்தேன் என்று விளக்குவார். இன்று மக்காவின் ஹரம் ஷரீஃபை எந்நேரமும் நேரலையில் காணலாம். அந்தச் சிறு துளையில் தெரிந்ததைவிட ஆயிரம் மடங்கு தெளிவான காட்சி அது. ஆனால் பக்கத்தில் ஹாஜியார் இல்லை. பெட்டி பெட்டியாக இருந்ததால் மட்டும் அது நம் நெஞ்சில் தங்கிவிடவில்லை.

இதற்கு நேர் எதிரான சான்று ஒன்றும் அதே வீடுகளில் இருந்தது. ஸஃபர் சென்ற வாப்பா துபையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவந்த பேட்டரிக் கார் ஷோகேஸின் கண்ணாடிக்குள் பூட்டப்பட்டிருக்கும். விருந்தினர் வந்தால் அதை வெளியே எடுத்து, தரையில் ஒருமுறை ஓடவிட்டு, விளக்கு எரிவதைக் காட்டி, உடனே உள்ளே வைத்துவிடுவர். பிள்ளைகளுக்குக் கிடைத்தது அது வந்த அட்டைப் பெட்டி. அவர்கள் அதைக் கப்பலாக்கி, வீடாக்கி, கிழியும்வரை விளையாடினார்கள். விலையுயர்ந்த பொருளால் அன்பைக் காட்டும் வழக்கத்தை நாம் இந்தத் தலைமுறையில் கண்டுபிடிக்கவில்லை. வாப்பாவின் இடத்தில் கார் இருந்தது. இன்று அந்த இடத்தில் டேப்லெட் இருக்கிறது. கடல் கடந்து உழைப்போரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களின் வியர்வையில்தான் நம் ஊர்களின் வீடுகளும் பள்ளிவாசல்களும் எழுந்தன. அவர்கள் அனுப்பும் பொருளை வைத்துப் பிள்ளையோடு தரையில் அமர ஊரில் ஒருவர் வேண்டும் என்பதையே சொல்கிறோம்.

நுங்கு வண்டியையே பாருங்கள். நுங்கைத் தின்றபின் எஞ்சும் இரண்டு கூந்தல்களை ஒரு குச்சியால் இணைத்து, கவை உள்ள கம்பு ஒன்றை நடுவில் கொடுத்துத் தள்ளினால் வண்டி ஓடும். இதைச் சிறுவன் தனியே செய்ய இயலாது. அரிவாள் பெரியவர் கையில் இருந்தது. பனங்காய் சீவுபவரிடம் நயமாகக் கேட்டுக் கூந்தலை வாங்க வேண்டும். கவைக்கம்பு வெட்டித்தர மாமாவோ காக்காவோ வேண்டும். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றும் முறையை யாரோ ஒருவர் கைபிடித்துக் காட்டினார். பனையோலைக் காத்தாடியைக் கந்தூரிக் கடைத்தெருவில் வாங்கியோரும் உண்டு (கந்தூரியைப் பற்றிய மார்க்க விவாதத்தை இங்கே யாரும் தொடங்க வேண்டாம்). வீட்டில் பாட்டி மடித்துக் கொடுத்ததை வைத்து ஓடியோரும் உண்டு. நாம் ஏங்குவது இந்தக் கைகளுக்காகத்தான் என்பது நமது துணிபு.

ஆகவே, பழையது எல்லாம் தூயது, புதியது எல்லாம் நஞ்சு என்ற பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. பம்பரத்தின் ஆணி மண்டையைப் பதம் பார்த்ததை மறந்துவிட்டோம். அன்றைய மலிவான சாயங்களில் ஈயம் கலந்திருக்கலாம் என்று எந்தப் பெற்றோரும் அஞ்சவில்லை. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கப்படும் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த நன்மை. பிள்ளைகள் ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் லெகோ கட்டை, இன்றுள்ள வடிவில் 1958இல் வந்தது. ‘மாடர்ன்’ என்று நாம் ஒதுக்கும் அப்பொருள் நம்மைவிட வயதில் மூத்தது. அதை வைத்து அண்ணனும் தங்கையும் ஒரு பள்ளிவாசலைக் கட்டி, மனாரா எங்கே வர வேண்டும் என்று சண்டையிட்டால், அது நுங்கு வண்டியின் உடன்பிறப்புதான்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். தெருவைப் பற்றிய இந்த ஏக்கம் பெரும்பாலும் ஆண்களின் ஏக்கம். பெண் பிள்ளைகளுக்குத் தெரு விரைவிலேயே முடிந்துவிட்டது. அவர்களுக்கு முற்றமும், சொப்பும், புளியங்கொட்டை போட்டு ஆடும் பல்லாங்குழியும் இருந்தன. வீட்டு முற்றங்கள் அடுக்குமாடிகளாக மாறியபின் அதுவும் போயிற்று. இன்றைய சிறுமியின் கையில் கைபேசியைக் கண்டு சினப்பவர்கள், அவளுக்கு வேறு எந்த இடத்தை மிச்சம் வைத்தோம் என்றும் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி, நபி (ஸல்) அவர்களின் காலத்துக்கு வருவோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், நபியவர்களைக் கண்டு ஒளிந்துகொண்ட தோழியரை நபியவர்களே மீண்டும் விளையாட அனுப்பிவைத்ததும் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. அந்தப் பொம்மைகளுக்கு நடுவே துணியால் ஆன இரண்டு இறக்கைகளுடன் ஒரு குதிரை இருந்ததை அபூதாவூத் அறிவிக்கிறது. குதிரைக்கு ஏது இறக்கை என்று நபியவர்கள் கேட்க, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள். உருவப் பொம்மை பற்றிய சட்ட நுணுக்கங்களில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், சிறுவர்க்கு அதை அனுமதித்தோரே மிகுதி. நாம் கவனிக்க விரும்புவது அந்தக் கேள்வியை. படைத் தலைவரும் ஆட்சியாளருமான ஒருவர், பயணத்திலிருந்து திரும்பிய வேளையில், பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது என்ன, அதன் மேல் இருப்பது என்ன என்று விசாரிக்கிறார்கள். தம் பிள்ளை ஆடும் விளையாட்டின் பெயரையாவது அறிந்த தந்தையர் நம்மில் எத்தனை பேர்?

ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் அறிவிப்பு இதைவிடவும் நம்மை நாணச் செய்வது. ஆஷூரா நோன்பன்று அந்தத் தாய்மார்கள் பிள்ளைகளையும் நோன்பு நோற்கச் செய்தார்கள். கம்பளி நூலால் விளையாட்டுப் பொருள் செய்து வைத்துக்கொண்டு, பசியால் அழும் பிள்ளைக்கு அதைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை ஆறுதல்படுத்தினார்கள். அப்பிள்ளைகளைப் பள்ளிவாசலுக்கும் அழைத்துச் சென்றார்கள் என்கிறது முஸ்லிமின் அறிவிப்பு. தாயே நோன்பாளி, தன் பசியோடு தன் கையால் பொம்மை செய்கிறாள், பொம்மையோடு பிள்ளை இறையில்லத்தில் இருக்கிறது. நம் பள்ளிவாசல்களில் பின்வரிசையில் ஒரு சிறுவன் சிரித்துவிட்டால் ஸலாம் கொடுத்தவுடன் எத்தனை தலைகள் திரும்புகின்றன என்பதை நாம் அறிவோம்.

இன்றைய விளையாட்டுகளில் உண்மையிலேயே அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. நம்மிடம் ஓத வரும் பிள்ளைகள் பெருநாள் முடிந்த வாரத்தில் பேசிக்கொள்வதைக் கேட்டால் அது புரியும். பெருநாள் காசு முன்பெல்லாம் பலூனுக்கும் பொட்டுவெடித் துப்பாக்கிக்கும் ஐஸுக்கும் போனது. இப்போது அது கைபேசி விளையாட்டில் ‘பெட்டி’ வாங்கப் போகிறது. பணத்தைக் கட்டினால் மூடிய பெட்டி ஒன்று திறக்கும். உள்ளே அரிய ஆயுதம் இருக்கலாம், பயனற்ற சட்டையும் இருக்கலாம். கட்டியபின்தான் தெரியும். மைஸிர் எனும் சூது இதைவிட்டு எவ்வளவு தூரம்? சிறுவர்கள் அக்ரோட்டுக் கொட்டைகளை வைத்துக் கெலித்தெடுக்கும் ஆட்டத்தைக்கூட முஜாஹித், அதாஃ, தாவூஸ் போன்ற தாபிஈன்கள் மைஸிரில் சேர்த்ததாகத் தஃப்ஸீர் இப்னு கஸீரில் காண்கிறோம். கோலியைக் கெலித்துச் சட்டைப்பையை நிரப்பிக்கொண்டு வந்த பிள்ளையை நம் பெரியவர்கள் கண்டித்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதன் வேர் அங்கே இருக்கிறது. பெல்ஜியம் நாடு இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று 2018இல் அறிவித்தது. இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025இல் சட்டம் இயற்றியது. சட்டம் எதுவரை எட்டும் என்பது ஒருபுறம் இருக்க, பிள்ளை எதற்குக் கேட்கிறான் என்று அறியாமல் யுபிஐ எண்ணைச் சொல்லிவிடும் பெற்றோரை எந்தச் சட்டமும் காக்காது.

அன்றைய விளையாட்டை மஃக்ரிப் பாங்கு முடித்துவைத்தது. இருட்டில் கோலி தெரியாது. நூலறுந்த பட்டத்தைத் தேட முடியாது. கைபேசி விளையாட்டை வடிவமைப்பவரோ பிள்ளை எழுந்துவிடாமல் இருப்பதற்கென்றே தினப் பரிசு, தொடர்வரிசைப் பரிசு என்று கண்ணிகளை வைக்கிறார். பத்து வயதுச் சிறுவன் தன் மன உறுதியால் அதை வெல்வான் என எதிர்பார்ப்பது அநீதி. அங்கே ஒரு பெரியவர் தேவைப்படுகிறார். அதட்டுவதற்காக அன்று, மாற்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்பதற்காக.

அந்த மாற்று எங்கே நடக்கும் என்பதே இப்போதைய சிக்கல். ஷாஃபிஈ நேரப்படி அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கிறது. ஹனஃபி பள்ளிகளில் அது குறையும். அந்நேரத்தில் ஒரு பகுதியைப் பள்ளிக்கூட டியூஷன் எடுத்துக்கொள்கிறது, மறுபகுதியை எங்களைப் போன்றோரின் மக்தப் எடுத்துக்கொள்கிறது. மக்தபை மஃக்ரிபுக்குப் பின் மாற்றலாம் என்பது நமது கருத்து. உஸ்தாத்மார்கள் சிலர் இதை விரும்பமாட்டார்கள். பல ஊர்களில் பள்ளிவாசலை ஒட்டிய திடல் இப்போது வாகனங்கள் நிறுத்துமிடமாகிவிட்டது. ஜும்ஆ நாளைத் தவிர மற்ற நாள்களில் அதில் பாதியைக் கயிறு கட்டிப் பிள்ளைகளுக்கு விட்டுவிட ஜமாஅத் நிர்வாகத்துக்கு ஒரு ரூபாயும் செலவாகாது. சிறுமிகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, உம்மாமார்கள் இருவர் அமர நிழலும் இருந்தால் போதும். சாட்டை சுற்றத் தெரிந்தவர்கள் வாட்ஸ்அப் குழுமத்தில் ஏராளமாக இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், அஸர் தொழுதபின், கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுத் திடலுக்கு வரட்டும்.