கோயா மலையில் ஓர் இரவு

ஜப்பான் நாட்டின் கோயா மலையில் நாள்தோறும் காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும் துறவியர் வெண்ணிற மரப்பெட்டி ஒன்றில் உணவைச் சுமந்து செல்கின்றனர். சுவை பார்க்கும் ஜிசோ என்று வழங்கப்பெறும் தெய்வத்தின் சந்நிதியில் அதை முதலில் காட்டிவிட்டு, பாலத்தைக் கடந்து, கோபோ தாய்ஷியின் சமாதியில் நிவேதிக்கின்றனர். கூக்காய் என்னும் துறவுப் பெயருடைய அம்மகான் கி.பி. 835ஆம் ஆண்டில் யோகத்தில் அமர்ந்தவர். அவர் மறையவில்லை, இன்றும் தவத்தில் இருந்து அருள்கிறார் என்பது அம்மலையின் நம்பிக்கை. ஜீவசமாதிகளை வணங்கிப் பழகிய தமிழ்நாட்டு அன்பர்களுக்கு இது அயலாகத் தோன்றாது.

பிள்ளைகளுடன் ஜப்பானுக்குச் செல்ல வாய்ப்பு அமைந்தும் தயங்கும் பெரியோர் பலர். தயக்கத்தின் முதற்காரணம் உணவு. அது வீண் அச்சமன்று. அந்நாட்டில் காய்கறி மட்டுமே மிதக்கும் குழம்பிலும் 'தாஷி' எனப்படும் மீன் வடிநீர் கலந்திருப்பது வழக்கம். நூடுல்ஸ், ஊறுகாய், கடையில் விற்கும் சோற்று உருண்டை ஆகியவற்றிலும் அது இருக்கலாம். 'இறைச்சி இல்லை' என்று பரிமாறுபவர் கூறுவது உண்மையே. மீன்சாறு அவர் கணக்கில் வருவதில்லை. இந்தச் சிக்கல் எழாத இடம் ஒன்று உண்டென்றால், அது மடங்களின் அடுக்களையே.

உணவும் உறக்கமும்

சக்கரவர்த்தி சாகாவிடம் அனுமதி பெற்று 816ஆம் ஆண்டில் கூக்காய் இம்மலையில் மடம் அமைத்தார். கடல்மட்டத்திற்குச் சுமார் 800 மீட்டர் உயரத்தில், தேவதாரு மரங்களிடையே இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ ஐம்பது கோயில்கள் யாத்திரிகர்க்கு இடம் அளிக்கின்றன. 'ஷுகுபோ' என்பது அவ்விடுதிகளின் பெயர். எந்த நாட்டவரும் எந்தச் சமயத்தவரும் தங்கலாம்.

அங்கு பரிமாறப்பெறும் உணவுக்கு 'ஷோஜின் ர்யோரி' என்று பெயர். மீன், இறைச்சி மட்டுமின்றி வெங்காயமும் பூண்டும் மரபுப்படி விலக்கப்படுகின்றன. குழம்புக்குச் சுவை தருவன கடற்பாசியும் உலர்ந்த காளானும். எள்ளை அரைத்துச் செய்த கட்டி, உறைபனியில் உலர்த்திய சோயாக் கட்டி, காய்கறி வறுவல், சோறு ஆகியன சிறு கிண்ணங்களில் வரும். முட்டையையும் மீன்சாறையும் அறவே தவிர்ப்போர் அதனை முன்பதிவின்போதே எழுதித் தெரிவித்தல் நலம். இரு வேளை உணவுடன் ஓர் இரவுக்கு ஆளொன்றுக்கு 10,000 யென்னுக்கு மேல் ஆகும். பல மடங்களில் அதனினும் கூடுதல்.

வசதிகளை முன்னரே அறிந்து செல்லுதல் வேண்டும். படுக்கை பாய்மீது விரித்த மெத்தையே. முழங்கால் வலியுடையோர் நாற்காலியும் கட்டிலும் உள்ள அறை கிடைக்குமா என்று கேட்டுப் பெறலாம். பழைய கட்டடங்களில் படிகள் உண்டு, மின்தூக்கி இராது. கழிவறை பல இடங்களில் பொதுவானது. குளியலறையும் ஆண், பெண் எனத் தனித்தனியே அமைந்த பொது வெந்நீர்த் தொட்டி. ஆடையின்றிக் குளிப்பது அங்குள்ள முறை. கூச்சமுடையோர் தனிக் குளியலறை உள்ள அறையைத் தேடுதல் வேண்டும். மாலை 5 மணிக்குள் மடத்தை அடைந்துவிட வேண்டும். இரவு உணவு ஆறு மணியளவில் பரிமாறப்படும். குளிர்காலத்தில் பனி பொழியும் என்பதால் வசந்தமும் இலையுதிர்காலமும் முதியோர்க்கு ஏற்றவை.

விடியற்கால வழிபாடு

காலை ஆறு மணியளவில் மடத்தின் சந்நிதியில் பூஜை தொடங்கும். விருந்தினர் அமர்ந்து கேட்கலாம். சில மடங்களில் அக்கினி வளர்த்து ஆகுதி இடுவர். அச்சடங்கிற்கு அவர்கள் இட்ட பெயர் 'கோமா'. வடமொழி 'ஹோமம்' சீனத்தின் வழியே சென்று அவ்வாறு திரிந்தது. கூக்காய் 804ஆம் ஆண்டில் சீனம் சென்றபோது பிரக்ஞர் என்ற இந்தியத் துறவியிடம் வடமொழி பயின்றார் என்பது வரலாறு.

அவருடைய சமாதி உள்ள இடம் ஒக்குனோயின். இரண்டு கிலோமீட்டர் நீளும் பாதையின் இருமருங்கும் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள். பல ஐந்தடுக்கு உடையவை: சதுரம் நிலம், உருண்டை நீர், கூம்பு தீ, பிறை காற்று, உச்சி மணி ஆகாயம். பஞ்சபூதங்களில் உடல் அடங்குதல் என்னும் கருத்தைக் கல்லே சொல்கிறது. இறுதிப் பாலத்தைக் கடந்தபின் தொப்பி அணிதலும் புகைப்படம் எடுத்தலும் கூடா. சமாதியின் முன்னுள்ள மண்டபத்தில் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட விளக்குகள் உள்ளன. பெற்றோரின் நற்கதிக்காகத் தன் கூந்தலை விற்று ஏழைப் பெண்ணொருத்தி ஏற்றியதாகச் சொல்லப்படும் விளக்கும் அவற்றுள் ஒன்று.

முழுப் பாதையையும் நடக்க இயலாதோர், பேருந்தில் ஒக்குனோயின்-மாயே நிறுத்தம் வரை சென்றால் நடை பாதியாகக் குறையும்.

வாங்கத் தக்கவை

மலைக் கடைகளில் ஊதுவத்தியும் 108 மணிகள் கொண்ட ஜபமாலையும் சிறப்பு. கோயில் அலுவலகத்தில் சில நூறு யென் செலுத்தினால், சந்நிதியின் பெயரைத் தூரிகையால் எழுதிச் செம்முத்திரை இட்டுத் தருவர். அதற்கென்றே மடிப்புப் புத்தகம் விற்கிறார்கள். எள்ளுக் கட்டி விரைவில் கெடுமாதலால் அங்கேயே உண்பது நன்று. கடைகள் மாலை ஐந்து மணியளவில் மூடப்படும். சிறு கடைகளுக்கு ரொக்கம் தேவை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கும் அயல்நாட்டவருக்கு விற்பனை வரிச் சலுகை உண்டு. உரிமம் பெற்ற கடைகளில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டறியலாம். பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருப்பது அந்நாட்டுச் சட்டப்படியும் கட்டாயம்.

மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளைச் சீட்டுடன் கொண்டு செல்லுதல் வேண்டும். ஒரு மாத அளவுக்கு மேற்பட்டால் முன் அனுமதி தேவை. சில சளி, இருமல் மருந்துகளுக்கு அங்கு தடையும் உண்டு.

செல்லும் வழி

ஒசாகா நகரின் நம்பா நிலையத்திலிருந்து நன்காய் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம் பயணித்தால் கொக்குராகுபாஷி நிலையம் வரும். அங்கிருந்து ஐந்து நிமிடக் கயிற்று ரயில், பின்னர் பேருந்து. அந்நிலையத்திலிருந்து ஊருக்குள் செல்லும் பேருந்துச் சாலையில் நடக்க அனுமதியில்லை.

ஒரு நாள் மிஞ்சினால், ஒசாகாவிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் எட்டும் நாரா நகரையும் காணலாம். அங்குள்ள தோதாய்ஜி கோயிலின் மாபெரும் புத்தர் திருவுருவத்திற்கு 752ஆம் ஆண்டில் கண்திறப்புச் செய்தவர் போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த அந்தணத் துறவி என்றே ஜப்பானியப் பழங்குறிப்புகள் அவரைக் குறிப்பிடுகின்றன. 736ஆம் ஆண்டில் அங்கு சென்ற அவர் தாயகம் திரும்பாமல் அம்மண்ணிலேயே 760ஆம் ஆண்டில் மறைந்தார். பேரப்பிள்ளைகளுடன் அந்தப் பேருருவின் முன் நிற்கும் பெரியோர், அவர்களுக்கு இந்த வரலாற்றையும் சொல்லி வைக்கலாம்.