போத்தல் தேநீரும் எங்கள் கொழுந்தும்



சென்ற மாதம் ஹற்றனில் எமது சுயதொழில் குழுக் கூட்டத்தில் ஒரு சின்னப் பரீட்சை நடத்தினோம். காரணம், குழுவிலுள்ள அக்கா ஒருவரின் கேள்வி. 1977 கலவரத்தின் பின் பெற்றோருடன் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவர் அவர். 2009 இல் கணவரை இழந்தார். பின்பு தங்கையின் லயத்துக்கே திரும்பி வந்து கொழுந்து பறிக்கின்றார். சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் மஸ்கெலியா வழியில் சிறு கடை போட எண்ணம். "கடன் காசுல ஐஸ் டீ போத்தல் வாங்கி விக்கவா தங்கச்சி, இல்ல நானே ஊத்திக் குடுக்கவா?" என்று கேட்டார்.

கடையில் லெமன் ஒன்றும் பீச் ஒன்றுமாக இரண்டு போத்தல் வாங்கினோம். முதலில் இனிப்பு, அடுத்துப் புளிப்பு, கடைசியில்தான் தேயிலை வாடை. "இதுல நம்ம கொழுந்து எங்க இருக்கு?" என்றார் அக்கா. லேபிளைப் பார்த்தோம். தண்ணீருக்கு அடுத்ததாகச் சீனி. லேபிளில் எடை கூடியதே முதலில் வரும் என்பதை நினைவில் வையுங்கள். பல போத்தல்களில் இலையை ஊறவைப்பதில்லை; சாறெடுத்துக் காயவைத்த தூளைக் கரைக்கின்றார்கள். அப்படிப்பட்ட தூளைச் செய்ய எங்கள் அக்கரப்பத்தனையிலேயே தொழிற்சாலை அமைக்கப்பட்டது.

2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் குளிர்பானங்களில் சீனி அளவுக்கு நிறம் இடவேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2 இற்குக் குறைந்தால் பச்சை. மஞ்சள் என்று நிம்மதியடைய வேண்டாம். 8 கிராம் என்றால் 400 மில்லிலீற்றர் போத்தலில் 32 கிராம், ஏறக்குறைய ஏழு தேக்கரண்டி.

பிறகு நாங்களே ஊற்றினோம். லயத்தில் வழமையாகச் செய்வதுபோல டஸ்ட் தூளைக் கொதிக்கவிட்டு ஆறவைத்தது கலங்கிக் கசந்தது. சாயம் கடுமையானால் குளிரும்போது கலங்கும். கெட்டுப்போனதாக எண்ண வேண்டாம். அடுத்தது நுவரெலியா பி.ஓ.பி. ஒரு லீற்றருக்கு ஐந்து தேக்கரண்டி, கொதித்த நீரை ஊற்றி நான்கு நிமிடத்தில் வடித்து, தானாக ஆறவிட்டு, பிறகு குளிரவைத்தோம். பொன்னிறமாகத் தெளிந்திருந்தது. மூன்றாவதை, முதல் நாள் இரவே, கொதித்தாறிய நீரில் அதே அளவு தூளைப் போட்டு எட்டு மணித்தியாலம் மூடிவைத்திருந்தோம். கசப்பே இல்லை. தேசிக்காய் கொஞ்சம், சீனி ஒரு கரண்டி போதும்.

அக்கா அந்தக் கோப்பையை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். இத்தனை வருடம் பறித்தும் இந்தத் தூளில் சாயம் குடித்ததில்லையாம். நல்ல தூள் பெட்டியில் போய்விடும், லயத்துக்கு வருவது டஸ்ட். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஊற்றி விற்க நினைப்போர் கவனிக்க வேண்டியவை: கட்டாயம் கொதித்தாறிய நீர், மூடிய பாத்திரம், அன்று ஊற்றியதை அன்றே முடித்தல். பிரதேச சபை அனுமதியையும் முன்கூட்டியே கேளுங்கள். (இரத்தச்சோகை உள்ளவர்கள் சாப்பாட்டுடன் தேநீர் குடிக்க வேண்டாம். இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.)

போத்தல் வாங்கும் யோசனையை அக்கா விட்டுவிட்டார். ஆனால் என் கணக்கில் இருந்த பிழையையும் அவரே காட்டினார். மலைக்கு ஏறுவது இரவில், நடுங்கும் குளிரில். "ஏறுறவங்களுக்குச் சுடச்சுட, வெயில்ல இறங்குறவங்களுக்குக் குளிர" என்றார். இரண்டு கேத்தல்களுக்கு விலை கேட்டிருக்கின்றோம்.