ஆயா எந்தக் கதவில் ஏறுவார்?

பாண்டிச்சேரியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு மஹிந்திரா தார்தான் ஏற்ற வண்டி என்று வாதாடுகிறார் நண்பர். அவருக்கு ஃபெஞ்சல் புயல் முதல் சாட்சி, ரோட்டுப் பள்ளம் இரண்டாம் சாட்சி. உயரத்தில் உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரியுமாம். பெரிய மார்க்கெட்டுக்குப் பையோடு போய்வந்தவர் பேசும் பேச்சாக இது இல்லை.

புயலையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கிருஷ்ணா நகரில் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வந்தது. தண்ணீர் சில இடங்களில் 5 அடியை நெருங்கியிருந்தது. தார் கடக்கக்கூடிய ஆழம் என்று கம்பெனி சொல்வதோ 650 மி.மீ., இரண்டடிக்குச் சற்று மேல். அன்று நண்பர் வண்டியை இறக்கியிருந்தால் ராணுவத்துக்கு மீட்க இன்னொரு ஆள் கிடைத்திருப்பார்.

பள்ளம்? தாரின் அடிப்பாகம் தரையிலிருந்து 226 மி.மீ. உயரம். டாடா நெக்ஸானுக்கு 208. வித்தியாசம் ஒரு விரற்கடைகூட இல்லை. அதற்காகத் தினமும் குலுங்கிக்கொண்டே ஆபீஸ் போக வேண்டுமாம்.

ஃபோர் வீல் டிரைவை அவர் கொண்டாடுவதுதான் பெரிய வேடிக்கை. தாரில் அதைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் இரண்டும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த ரோட்டில் அதற்கு வழியில்லை, பல்சக்கரங்கள்தான் வதைபடும். ஆக, மிஷன் வீதியில் அந்த லீவரை அவர் தொடவே கூடாது. 2023 ஜனவரியில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள தாரைக் கம்பெனியே விற்பனைக்கு விட்டது. 2024 ஆகஸ்ட் 15 அன்று ஐந்து கதவுள்ள தார் ராக்ஸ் வந்தது. கதவு போதவில்லை என்று கம்பெனிக்கே புரிந்துவிட்டது, நண்பருக்குத்தான் இன்னும் புரியவில்லை.

சனிக்கிழமை காலை பெரிய மார்க்கெட் இருக்கும் நேரு வீதிக்கு வாருங்கள். ஒரு பக்கம் குட்டியானையிலிருந்து வெங்காய மூட்டை இறங்கும், மறுபக்கம் பைக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். மூன்று கதவுத் தாரில் பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்க வேண்டும். மூட்டுவலிக்கார ஆயா அந்த உயரத்தில் கால் வைத்து, குனிந்து, உடம்பைத் திருப்பி உள்ளே நுழைவதற்குள் பின்னால் பத்து ஹாரன் அடிக்கும். பின்கதவில் ஸ்டெப்னி தொங்குகிறது. அந்தக் கதவு பக்கவாட்டில்தான் திறக்கும். பின்னால் ஒரு பைக் ஒட்டி நின்றால் போதும், கதவு பாதியில் நின்றுவிடும். வஞ்சிர மீன் ஆயாவின் மடியில் வரும். பின் சீட்டுக் கண்ணாடியை இறக்கவும் முடியாது என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

ராக்ஸ் வாங்கு என்பார். வாங்கலாம், சீட்டுப் பிரச்சினை தீரும். நீளம் 4,428 மி.மீ., அகலம் 1,870. ரங்கப்பிள்ளை வீதியில் அதற்கு இடம் தேடுகிற நேரத்தில் நான் வீட்டுக்கு வந்து குழம்பே வைத்துவிடுவேன். மாருதி ஜிம்னி 1,645 மி.மீ. அகலம்தான், சந்தில் நுழையும். ஆனால் நாலு பேரும் உட்கார்ந்தபின் பைகளுக்கு 208 லிட்டர் இடம்தான்.

கடைசியாக அந்த உயரம். ஆம், தூரத்து சிக்னல் நன்றாகத் தெரியும். ஆனால் அகன்ற, தட்டையான பானெட்டுக்குக் கீழே, முன் பம்பரை ஒட்டி ஒரு குழந்தை குறுக்கே ஓடினால்? குடும்பத்துக்கான வண்டி என்று வாதாடுகிறவர் இந்தக் கேள்விக்கு ஒரு வரி பதில் சொல்லியிருக்கலாம்.