பஞ்சாங்கமும் பெரட்டு மணியும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம்மவர் எத்தனையோ எசமானர்களுக்கு அடங்கி நடந்திருக்கின்றனர். துரை போனார், கங்காணி போனார், தோட்டங்களிற் பலவும் துண்டாடப்பட்டு மறைந்தன. ஆயினும் ஓர் எசமானன் மட்டும் சிரம்பான் அடுக்குமாடி வீடுவரை நம்மைத் தொடர்ந்து வந்து சுவரில் தொங்குகின்றான். அவன் பெயர் பஞ்சாங்கம்.

திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புகளைக் கணிப்பது வான நூல். அதனை நாம் பழிக்கவில்லை. தைப்பூசம் எந்நாள், கிரகணம் எப்பொழுது என அறிய ஒரு கணக்கு வேண்டியதே. அக்கணக்கின்மேல் ஏறி அமர்ந்து, இந்நேரம் நன்று, இந்நேரம் தீது என்று மிரட்டும் வாணிகத்தையே நாம் எதிர்க்கின்றோம்.

திங்கட்கிழமை 7.30 முதல் 9 மணி வரை ராகுகாலம் என்கின்றனர். விடியுமுன் பெரட்டு மணி அடித்தபோது, "ராகுகாலம் கழித்துப் பால்மரம் வெட்ட வருகிறோம்" என்று சொன்ன தொழிலாளி உண்டா? அந்த ஒன்றரை மணியிலும் கத்தி மரத்தைக் கீறிற்று, பால் வடிந்தது, இலாபம் கப்பலேறிற்று. முதலாளியின் வருமானத்துக்குக் குறுக்கே நில்லாத ராகு, தொழிலாளி தன் மகளைப் பள்ளியிற் சேர்க்கப் புறப்படும்போது மட்டும் வழிமறிப்பது ஏன்?

அவர்கள் விதிப்படியே பார்ப்போம். பகலை எட்டாகப் பகுத்து, திங்களன்று இரண்டாம் பங்கை ராகுவுக்குக் கொடுப்பது முறை. சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்தே 7.30 என்று அச்சிட்டனர். சிரம்பானில் இன்று கதிரவன் எழுவது ஏழு மணியை ஒட்டி. அப்படியாயின் ராகுகாலம் 8.30 மணிக்குப் பிறகன்றோ தொடங்க வேண்டும்? ஒன்பது மணி அடித்ததும் "தப்பினோம்" என்று தாலி கட்டியவரெல்லாம் ராகுவின் வாயிலேயே கட்டினர். அதனால் அவர் குடி கெட்டதா?

இந்நாட்டுக் கடிகாரமும் ஒரு நிலையில் நின்றதில்லை. 1942-இல் சப்பானியர் தோக்கியோ நேரத்தைப் புகுத்தி முள்ளை ஒன்றரை மணி முன்தள்ளினர், அப்பொழுது 7.30 மணிக்குப் பொழுதே விடியவில்லை. 1945-இல் முள் பின்னே வந்தது. 1982 சனவரி முதல் நாள் மீண்டும் அரைமணி முன்னே போயிற்று. அரசாங்க ஆணைக்கெல்லாம் இடம் மாறும் தீய நேரம் வானத்திலா இருக்கின்றது? அச்சுக்கூடத்திலே இருக்கின்றது.

பஞ்சாங்கக்காரர் தமக்குள்ளேயே ஒத்துப்போகின்றனரா? திருக்கணிதப்படி சனி மீனத்திற் புகுந்தது 2025 மார்ச் 29-இல். வாக்கியப்படியோ 2026 மார்ச்சில். ஒரே சனிக்கு ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு! இரண்டு பெயர்ச்சிக்கும் பரிகாரம் செய்து இரண்டு தட்டிலும் காசு போட்டவன் தோட்டத்துப் பாமரனே. வாக்கியக் கணக்கு வானத்தோடு பொருந்தவில்லை என்று சொன்னவர் நாத்திகரல்லர். சென்னை வானாய்வுக் கூடத்திற் பணிபுரிந்து, 1867-இல் ஒளிமாறும் விண்மீனொன்றைக் கண்டறிந்த இரகுநாதாசாரியாரே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர்ப் பஞ்சாங்கத் திருத்தத்துக்காக வாதாடினார்.

இவ்வியாபாரம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலும் பஞ்சாங்கம் வீட்டுக்கு வீடு இருந்தது. பெஞ்சமின் பிராங்க்லின் தமது 1733-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில், தமக்குப் போட்டியான தைத்தன் லீட்சு என்னும் பஞ்சாங்கக்காரர் இன்ன நாளில், இன்ன மணியில் இறப்பார் என்று எழுதினார். அந்நாள் கடந்தும் அவர் உயிரோடிருந்தார். பிராங்க்லினோ அவர் இறந்துவிட்டார் என்றே அடுத்த ஆண்டும் சாதித்தார். சோதிடத்தை நகையாடவே அவர் அப்படிச் செய்தார். அந்நகைப்பு நமக்கு எப்பொழுது வரும்?

"பாட்டன் வழக்கத்தைப் பழிக்கலாமா?" என்பர். பாட்டன் பாம்புக்கடிக்கு மந்திரித்தான். நாம் மருத்துவமனைக்கு ஓடுகின்றோம். அதற்கு மட்டும் நாள் பார்ப்பதில்லையே! செவ்வாய் தோஷம் என்னும் ஒரு சொல்லால் எத்தனை பெண்கள் வீட்டு மூலையில் முதிர்கின்றனர்? செவ்வாய் ஒரு மண் உருண்டை. அதற்கு நம் பெண்கள்மேல் என்ன பகை?

தோழர்களே! பண்டிகை நாளறிய நாட்காட்டியை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நேரம் என்னும் கட்டத்தின்மேல் ஒரு கோடு கிழியுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மணி அடித்த நேரமே நல்ல நேரம். மனமொத்த இருவர் மணக்க விடுமுறை கிடைத்த நாளே முகூர்த்தம். இவ்வாண்டு ஒரு வீட்டிலேனும் இது நடக்கட்டும். அடுத்த வீடு தானே பார்த்துக்கொள்ளும்.