ஆண்டாளும் கோதாதேவியும்



மார்கழி பிறந்துவிட்டது. ஹைதராபாத் பக்கம் உள்ள போலாரத்தின் விடியற்காலைக் குளிரில் திருப்பாவை காதில் விழுகிறது. பாடுகிற தெலுங்கு அம்மாக்களின் கையில் இருப்பது தெலுங்கு எழுத்துப் புத்தகம், பாட்டு நம்முடையது. அவர்களுக்கு இது தனுர்மாசம், நம் ஆண்டாள் அவர்களுக்குக் கோதாதேவி.

இப்படி ஒரு மொழியின் இலக்கியத்தை இன்னொரு மொழியோடு வைத்துப் பார்ப்பதுதான் ஒப்பிலக்கியம். அதற்கென்றே ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 1988 முதல் ஒரு மையம் இருக்கிறது. "ஒப்பிலக்கியம் படித்தால் பிள்ளைகள் என்னதான் கற்றுக்கொள்வார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆண்டாளையே வைத்துச் சொல்கிறேன்.

திருப்பாவையில் ஆயர்பாடிப் பெண்ணாகத் தன்னைப் பாவித்துத் தோழியரை எழுப்புகிறாள் ஆண்டாள். பல நூற்றாண்டுகள் கழித்து, 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் அவள் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யத' என்ற காவியமாக்கினார். அதில் அவள் ஊரான வில்லிபுத்தூரின் வீதிகள் வருகின்றன, மழைக்காலம் வருகிறது, அரசன் எப்படி ஆள வேண்டும் என்ற அறிவுரையும் வருகிறது. பாடியவள் இங்கே பாடப்படுகிறவள் ஆகிவிட்டாள். பேரரசர் ஒருவருக்கு ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை ஏன் தேவைப்பட்டது? அவள் குரலில் எது நிலைத்தது, எது மாறியது? மாணவர்கள் கேட்கப் பழகுவது இப்படிப்பட்ட கேள்விகளைத்தான். எது உயர்ந்தது என்ற கேள்வியை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுத்தான் இந்த வகுப்புக்குள் போக வேண்டும்.

இன்னொரு மொழியையும் அவர்கள் உள்ளிருந்து அறிகிறார்கள். ஒரு சொல் வேற்றுமொழிக்குப் போக மறுக்கும் இடத்தில்தான், நம் மொழி அந்தச் சொல்லுக்குள் எதைப் பொதிந்து வைத்திருக்கிறது என்பது தெரியும். வில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊரான ராஜபாளையத்தில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மு.கு. ஜகந்நாத ராஜா, ராயரின் காவியத்தைத் தமிழாக்கி சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். தெலுங்கு நாட்டுக்குப் போன ஆண்டாள் அவர் கைபிடித்து ஊர் திரும்பினாள்.

வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் தக்னி உருது என்று வளரும் போலாரத்துப் பிள்ளைகளிடம் இந்தப் படிப்பின் விதை ஏற்கெனவே இருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றுவோம். இந்த மார்கழியில் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவிடம் ஒரு பாசுரத்துக்குப் பொருள் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டதும், மனப்பாடமாகத் தெரிந்த அந்தப் பாசுரத்தைத் திரும்பவும் படித்துப் பார்க்கத் தோன்றும். படித்துவிட்டு எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்