கையெழுத்து போடுபவர் யார்?

அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டிலிருந்து எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே ரகக் கட்டடங்கள் கண்ணில் படும். கீழே ஷட்டர் போட்ட கடை, மேலே மாடி வீடுகள். தெருப் பக்கம் சுவர் கிடையாது, தூண்கள் மட்டுமே. வியாபாரத்துக்கு இது வசதி. பூமி அசைந்தால் ஆபத்து. சுவர்களால் இறுகிய மேல்மாடிகள் ஒரே பெட்டியாக ஆட, வளைவு முழுவதும் கீழ்த்தளத் தூண்களின் தலையில் விழும். 2001 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோ மீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்திலேயே இந்த ரகக் கட்டடங்கள் சரிந்தன. அங்கே கீழ்த்தளத்தில் கார்கள் நின்றன; இங்கே கடைகள், அவ்வளவுதான் வித்தியாசம். போர்ட் பிளேரோ (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1941லும் 2004லும் பெரும் நிலநடுக்கங்களைக் கண்ட ஊர்.

அப்படியானால் இங்கே வரைபடத்தில் கையெழுத்துப் போடுபவர் யார்?

வக்கீலுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆர்க்கிடெக்டுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம். டாக்டருக்குப் பதிவு இல்லாமல் தொழில் இல்லை. என்ஜினியருக்கு மட்டும் தேசிய அளவில் அப்படியொரு சட்டம் கிடையாது. 1920இல் தொடங்கி 1935இல் அரச சாசனம் பெற்ற இன்ஸ்டிடியூஷன் ஆஃப் என்ஜினியர்ஸ் 'சார்ட்டர்டு என்ஜினியர்' பட்டம் தருகிறது. மதிப்பான பட்டம்தான். ஆனால் அது உள்ளவர்தான் வடிவமைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2002இல் என்ஜினியரிங் கவுன்சில் ஆஃப் இந்தியா பிறந்தது. மசோதா வரைவுகளும் எழுதப்பட்டன.

மிஞ்சுவது உள்ளாட்சி லைசென்ஸ். பெரும்பாலான ஊர்களில் பட்டம் அல்லது டிப்ளமா, அனுபவச் சான்று, கட்டணம் இருந்தால் போதும், தேர்வு கிடையாது. 2014இல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். தமிழகத்தின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைத் தனியாகப் பதிவு செய்யச் சொல்கின்றன. நல்ல ஆரம்பம்.

அமெரிக்காவில் வயோமிங் மாநிலம் 1907லேயே லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. இன்று அங்கே வழக்கமான பாதை: பட்டம், நான்காண்டு அனுபவம், இரண்டு தேர்வுகள். சிங்கப்பூரில் 1986இல் ஒரு ஹோட்டல் இடிந்து 33 பேர் மாண்டனர். 1989 சட்டம், ஒருவர் போட்ட கணக்கை அவரோடு சம்பந்தமில்லாத இன்னொரு என்ஜினியர் சரிபார்க்க வேண்டும் என்றது.

லைசென்ஸ் என்றாலே லஞ்சத்துக்கு இன்னொரு ஜன்னல் என்பார்கள். நியாயமான பயம். டிப்ளமாக்காரர்களின் பிழைப்பும் யோசிக்க வேண்டியது. அதனால் எல்லா என்ஜினியரையும் ஒரே நாளில் தேர்வு எழுத வைக்க வேண்டாம். நிலநடுக்க அபாயம் மிகுந்த ஊர்களில் மாடிக் கட்டடத்தின் தூணுக்கும் உத்தரத்துக்கும் கணக்குப் போடுபவரிடம் தொடங்கலாம். சிமென்ட்டும் கம்பியும் கப்பலில் வர வேண்டிய தீவில் செலவைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்காரர் நெருக்குவார். மறுத்துச் சொல்லும் தெம்பு, பதிவு ரத்தாகும் என்ற பயத்திலிருந்தும் வரும்.

தூணின் ரிங் கம்பி முனையை 135 டிகிரி உள்ளே மடக்கச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயம். கம்பி கட்டுபவர் 90 டிகிரியோடு நிறுத்திவிடுவது சகஜம். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பு யாராவது ஏணி ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.